கருப்பனுக்கு வராமல் போன ரிப்போர்ட்

மழைத்தண்ணீர் வடிந்த மறுநாள் கல்கத்தாவில் எங்கள் காளிகாட் சந்தில் ஒரு வாசனை வரும். நனைந்த கோணிச்சாக்கும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்த வாசனை...

அப்போது என் வீட்டுக்காரருக்கு லேக் மார்க்கெட்டில் சின்ன மளிகைக் கடை. அப்பளம், புளி, இட்லி அரிசி. எலித்தொல்லை தாங்காமல் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். கருப்பன் என்று பெயர் வைத்தார்.

பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவை பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம். அவருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. "கொருப்பொன்" என்பார். அதற்கும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். மீன் கிடைக்குமே.

"ஏளா, இது நம்ம நாயா, பெங்காலி நாயா?" என்பார் இவர்.

"யாரு மீன் போடுதாவளோ, அவங்க நாயி."

ஒரு மழைக்காலம். முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கும் கடைக்கும் அவர் பின்னாலேயே அலைந்தது. சில நாளில் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"இங்க வந்து பாரு. கண்ணு மஞ்சளா கெடக்கு" என்று இவர் கூப்பிட்டார்.

பௌதி எட்டிப் பார்த்தார். "ஓ மா! ஜண்டிஸ்!" சாயங்காலமே கோயில் பக்கம் போய், மஞ்சள் காமாலைக்குப் போடும் ஜண்டிஸ் மாலை வாங்கி வந்துவிட்டார். சின்னச் சின்னக் குச்சிகளைக் கோத்த மாலை. அது நீள நீள நோய் இறங்கும் என்று இங்கே நம்பிக்கை. மனிதர்களுக்குப் போடுவதை நாய்க்குப் போட்டோம். இவர் எங்கெங்கோ அலைந்து கீழாநெல்லி கொண்டுவந்தார். அரைத்து மோரில் கலந்து ஊற்றினோம்.

மாலை நீண்டது. மஞ்சள் இறங்கவில்லை.

அப்புறம்தான் நாய் டாக்டரிடம் போனோம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வந்த கிருமியாக இருக்கலாம் என்றார். ஊசி போட்டார், ரத்தம் எடுத்து அனுப்பினார். ஆனால் அந்த ஒரு ரத்தத்தை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியுமாம். மனிதர்களுக்கும் தொற்றும், வெறும் கையால் தொடாதீர்கள் என்றும் சொன்னார்.

"எம்புள்ளையத் தொடுததுக்கு உறை மாட்டணுமோ?" என்று இவருக்குக் கோபம். ஆனாலும் கடைப் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தடவிக் கொடுத்தார்.

இரண்டாவது ரத்தம் எடுக்கக் கருப்பன் இல்லை. என்ன நோய் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது...

போன மாதம் நியூ டவுனில் மகள் வீட்டு நாய்க்கும் அதே மாதிரி. மழை, காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. காலையில் ரத்தமும் மூத்திரமும் எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மகள் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எலிக்காய்ச்சல்தான்மா. கன்ஃபர்ம் ஆயிடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"பி.சி.ஆர் மா. கோவிட்டுக்கு மூக்குல குச்சி விட்டாங்கல்ல, அந்த மாதிரி. கிருமியோட ஒரு துணுக்கு இருந்தாக்கூட காட்டிக்குடுத்துரும்."

நான் ஐந்தாவதோடு நின்றவள். துணுக்கெல்லாம் எனக்குப் புரியவில்லை. நாய் பிழைத்துவிட்டது, அது புரிந்தது. இப்போது என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

நல்லதுதான். சீக்கிரம் தெரிந்தால் சரியான மருந்தும் சீக்கிரம் கிடைக்கிறது.

என் வீட்டுக்காரர் போன குளிர்காலத்தில் போய்விட்டார். அவருக்கு வேறு நோய். ஆனால் அவருக்கும் எல்லாம் சீக்கிரமே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காலையில் ரத்தம் எடுத்தார்கள், சாயங்காலமே மகள் போனுக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி மருந்து கிடையாது என்று டாக்டர் என்னையும் மகளையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

உள்ளே போனேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்.

"என்னளா போட்டிருக்காவ?"

"இன்னும் வரலங்க. நாளாகுமாம்."

நம்பினார். அவர் கண்ட டெஸ்ட் அப்படித்தானே.

"கருப்பனுக்கே ரெண்டு வாரம் கேட்டான். எனக்கு ஒரு மாசமாவது இழுப்பான்" என்று சிரித்தார்.

ரிப்போர்ட் வராத அந்த நாட்களில் அவர் நன்றாகச் சாப்பிட்டார்... ரசத்தில் உப்பு குறைவு என்றுகூட ஒருநாள் சொன்னார்.