மூன்றாவது அழைப்பு

கடலுக்குப் போன லைகோன், திமரேட்டாவின் கணவன், திரும்பவேயில்லை. உடல் கிடைக்காதவனுக்கு வெறும் கல்லறை கட்டி, கடலைப் பார்த்து மூன்று முறை பெயர் சொல்லி அழைத்துவிட்டால் அவன் செத்தவன் என்பது அந்தக் கிரேக்கத் துறைமுகத்து வழக்கம். இரண்டு முறை அழைத்த திமரேட்டாவுக்கு மூன்றாவது அழைப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"விடுங்க அண்ணி," என்றான், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, முடிவு கட்டாதிருந்தால் மனம் அமைதியாகும் என்னும் ஐயவாதத் தத்துவக்காரர்களோடு சேர்ந்து தாடி வளர்த்திருந்த கொழுந்தன் எவால்கஸ். "அண்ணன் இருக்காருன்னும் சொல்லாதீங்க, செத்துட்டாருன்னும் சொல்லாதீங்க. முடிவே கட்டாம இருங்க. மனசு தானா அடங்கிரும்."

"இத்தனை நாளா அதைத்தானேடா பண்றேன்!" என்று சீறினாள். "தினமும் அவருக்கும் சேர்த்து ரொட்டி சுடுறேன், காலையில நாய்க்குப் போடுறேன். எங்கடா அடங்குச்சு? உனக்குத்தான் எல்லாம் ஒண்ணாச்சே, மூணாவது தடவை நீ கூப்பிடு!"

எவால்கஸ் கடலைப் பார்த்து வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.