சின்னத் தூறலுக்கு விழித்த விதை

என் வேலை என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. "எக்ஸ்ரே போட்டுப் பாக்குற வேலை" என்று அண்ணன் ஒரு தடவை டீக்கடையில் சொல்லி வைத்தான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் லீவில் வந்து எப்போதும்வென்றான் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், யாராவது ஒருவர் முட்டிவலிப் படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நானும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டச் சொல்லி அனுப்புவேன். படத்தைக் கொண்டுவந்தவருக்கு அதில் என்ன தெரிந்ததோ அதுதான் எனக்கும் தெரிந்தது. இதைச் சொன்னால் அடக்கம் என்பார்கள்.

மதினிக்கு மட்டும் ஒரு நாள் புரிய வைத்தேன். மதினி புதியம்புத்தூரில் தையல் யூனிட்டுக்குப் போகிறாள், குழந்தைகள் கவுன் தைக்கிற இடம். அவள் கொண்டுவந்த, கவுனுக்கு உள்ளே கொடுக்கிற மெல்லிய துணித் துண்டு ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் விரித்துப் பிடித்து, தெருக்கோடியில் எரிகிற விளக்கைப் பார்க்கச் சொன்னேன். ஒரு விளக்கு பல புள்ளிகளாகச் சிதறித் தெரியும். நெருக்கி நெய்த துணி என்றால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும், இழை விலகின துணி என்றால் ஒட்டி ஒட்டி விழும். துணியைத் தொடாமலே இழைக்கும் இழைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று சொல்லிவிடலாம். நான் செய்வது இதுதான். விளக்குக்குப் பதில் எக்ஸ்ரே, துணிக்குப் பதில் பாலிமர். கதிர் நேர்வழியிலிருந்து துளியூண்டு விலகும், ஒரு டிகிரிக்கும் கீழே. அந்தச் சின்ன விலகலை வைத்து, கண்ணுக்கே தெரியாத நீளச் சங்கிலிகள் எப்படிச் சுருண்டு கிடக்கின்றன, எப்படிப் பின்னிக்கொண்டு நிற்கின்றன என்று கணக்குப் போடுவோம்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன வருசம் படிச்ச?" என்றாள் மதினி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

நான் அளந்துகொண்டிருந்தது ஒரு ஜெல். குழந்தைக்குக் கட்டுகிற டயப்பருக்குள் வெள்ளைத் தூள் இருக்கிறதே, அதற்குப் பங்காளி. தண்ணீர் பட்டால் ஜவ்வரிசி மாதிரி ஊதி நிற்கும். சங்கிலிகள் வலை போலப் பின்னியிருக்கும், தண்ணீர் அந்த வலைக்கண்களில் தங்கும். கண் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர். என் ஜெல்லின் வலைக்கண் அருமையாக விரிந்திருந்தது. சிதறல் வளைகோட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் வெறும் தண்ணீரை மட்டும் குழாயில் அடைத்து அளப்போம். பிறகு ஜெல்லை அளந்து, அதிலிருந்து தண்ணீரின் கணக்கைக் கழித்துவிடுவோம். தண்ணீர் எங்களுக்கு வெறும் பின்னணி, கழிக்க வேண்டிய சங்கதி. காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீராக இருந்தால் கழிப்பது சுலபம். அதனால் எப்போதும் அதுதான்.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பாலை ஊற்றினால் டீ திரிந்து போகும். கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் வரும், சின்னப் பிள்ளையில் அதை வைத்துத்தான் தரையில் கோடு கிழித்து விளையாடினோம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? சுத்தத் தண்ணீரில் மட்டும் அளந்த தப்பை வேற்றூர்க்காரி செய்திருந்தால் மன்னித்துவிடலாம். அந்தத் தண்ணீரில் தலைக்குக் குளித்துச் சிக்குப் பிடித்த முடியோடு பள்ளிக்கூடம் போனவள் நான்.

போன வருடம் ஆவணி கடைசியில் ஒரு பை நிறைய ஜெல் குருணையோடு ஊருக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் புரட்டாசியில் புழுதி விதைப்பு. மழை பெய்த பிறகு விதைத்தால் கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும், டிராக்டர் இறங்காது. அதனால் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருவார்கள். இதில் சூட்சுமம் ஆழம்தான். மேலாகப் போட்டால் சின்னத் தூறலுக்கே விதை விழித்துக்கொள்ளும், அப்புறம் மழை வராமல் கருகும். ஆழமாகப் போட்டால் மண்ணை முட்டி வெளியே வர முடியாது. பெரிய மழை இறங்கினால் மட்டும் எட்டுகிற ஆழத்தில் விதை கிடக்க வேண்டும்.

அந்த ஆழத்துக்குப் பேர்போனவன் என் அண்ணன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற விதைக் கலப்பையில் கொழு எவ்வளவு இறங்க வேண்டும் என்று வைத்துக் கொடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரன் என்ற பேர் வேறு. விதைப்பு தொடங்குகிற அன்று ஊர் கூடி நிற்க, முதல் பிடி விதையை அவன் கையால்தான் போடச் சொல்வார்கள். அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை, பெரிய சொத்து கிடையாது. ஊரில் அவனுக்கென்று இருந்த மரியாதை அந்த ஒரு பிடி விதைதான்.

ஜெல்லை ஓரமாகக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போமா என்று அவன் கேட்டான். நான்தான் முழுசாகப் போடச் சொன்னேன். பல தடவை அளந்தாகிவிட்டது, நீ பயப்படாதே என்றேன். என்ன வாய் எனக்கு! அவன் உளுந்தோடு குருணையைக் கலந்து போட்டான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், தங்கச்சி எக்ஸ்ரேயில் பார்த்துச் செய்த மருந்து என்று சொல்லிக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு தூறல் விழுந்திருக்கிறது. புழுதியை அமர்த்தின தூறல், அவ்வளவுதான். மற்றவர்கள் நிலத்தில் மேல்மண் நனைந்து, மறுநாள் வெயிலில் காய்ந்துவிட்டது. எங்கள் நிலத்தில் மட்டும் கொஞ்ச நாளில் பச்சை. அண்ணன் போனில் படம் அனுப்பினான். சுற்றிலும் கறுப்பு, நடுவில் எங்கள் நிலம் மட்டும் வரிவரியாக இளம்பச்சை. அந்தப் படத்தை ஆய்வகத்தில் பார்க்காத ஆளில்லை. எங்கள் துறைத் தலைவர் வரைக்கும் காட்டினேன்.

அது வெற்றி இல்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை. விதை தூங்க வேண்டிய நேரத்தில் எழுப்பி விட்டிருக்கிறேன். தூறல் வடிந்து இறங்கின சொட்டையெல்லாம் ஜெல் பிடித்து வைத்து, பெருமழை வந்துவிட்டது என்று விதையை நம்ப வைத்திருக்கிறது. எழுப்பினதுதான் எழுப்பியது, வளர்க்கவாவது அதனிடம் தண்ணீர் இருந்ததா? மண்ணிலிருந்த சுண்ணாம்பு கரைந்து வந்து வலையை இறுக்கிவிட்டது. அப்புறம் மழையே இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக, நான் கொண்டுபோய்க் கொடுத்ததை என் அண்ணன் வாங்கித் தன் நிலத்தில் விட்டுக்கொண்டான்.

ஐப்பசியில் நல்ல மழை இறங்கியது. ஊரெல்லாம் முளைத்தது. எங்கள் நிலத்தில் கருகின தட்டைதான் கிடந்தது. மறுபடி விதைக்க டிராக்டர் இறங்கவில்லை.

நான் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தேன். ஒரு செடியைத் தோண்டி எடுத்தேன். மண்ணுக்குள் இருந்த வெள்ளைத் தண்டு இருக்க வேண்டிய நீளத்துக்கு இருந்தது. ஆழம் பிசகவில்லை. அண்ணன் விதையை வைத்த இடம் சரி. பக்கத்திலேயே என் குருணை, சுருங்கி, உப்புக்கல் மாதிரி. அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தான், என்னைத் திட்டவே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டான்.

அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். அதைக் கரைத்து வடிகட்டின தண்ணீரில் ஜெல்லை ஊற வைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, கதிருக்கு முன்னால் வைத்தேன். திரையில் வளைகோடு வந்தது. முன்பு நடுவில் ஒட்டி நின்ற மேடு இப்போது வெளியே தள்ளிப் போயிருந்தது. மதினிக்குக் காட்டின துணி மாதிரியேதான். இழை நெருங்கிவிட்டது, கண் சுருங்கிவிட்டது. டீ குடித்துவிட்டு வருகிற நேரத்தில் முடிகிற அளவை. விதைப்புக்கு முன்னால் செய்திருந்தால் போதும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதற்கு மேல்தான் எனக்கு நிஜமான வெட்கக்கேடு காத்திருந்தது. தைப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. வேலை என்று பொய் சொன்னேன். மதினி போன் போட்டாள்.

"ஊருக்குள்ள உங்க அண்ணன் என்ன சொல்லி வச்சிருக்காவ தெரியுமா? 'நாந்தான் கொழுவ மேலாக்க வச்சுட்டேன், கை தவறிட்டு'ன்னு சொல்லுதாவ. உன் மருந்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. பொட்டப்புள்ளையப் படிக்க வச்சா இப்படித்தான்னு ஒரு பய சொல்லிரக் கூடாதாம். இப்ப ஒருத்தரும் கொழு வைக்கக் கூப்பிடுறது இல்ல. நீ நல்லா இரு தாயி."

வைத்துவிட்டாள். மதினி அப்படி என்னிடம் பேசினதே கிடையாது. எனக்குக் கோபம்கூட வந்தது, அண்ணன் மேல். யார் கேட்டார்கள் இவனை? உளுந்து போனது ஒரு வருடத்து நஷ்டம். கை தவறினவன் என்ற பேர் போகுமா? அவனைப் போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "நீ உன் வேலையப் பாருட்டி, இங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

இந்தப் புரட்டாசியில் விதைப்புக்கு முதல் நாளே ஊருக்கு வந்துவிட்டேன். எல்லோரும் இருக்கிறபோது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. பஸ்ஸில் வரும்போதே என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காலையில் ஊருக்குக் கிழக்கே முதல் நிலத்தில் ஆட்கள் கூடினார்கள். எங்கள் ஊரில் இந்தக் காரியங்களை முன்னின்று நடத்துகிற பெரியவர் ஒருவர் உண்டு, ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் சொளகு என்று நாங்கள் சொல்கிற முறத்தில் விதையை வைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டி ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டான். பழகின கால், தானாகப் போய்விட்டது. கையும் பாதி நீண்டுவிட்டது. அண்ணாச்சி அவனைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய், வேறு யாராவது வாருங்களப்பா என்றார். அண்ணன் நீட்டின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான், தூசி பட்ட மாதிரி. நான் அதைப் பார்த்தேன். எல்லோரும்தான் பார்த்தார்கள்.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்து போனது.

"அண்ணாச்சி, போன வருசம் எங்க அண்ணன் ஆழத்தத் தப்பா வைக்கல. நான் கொண்டாந்த மருந்துதான் தூறல் தண்ணியப் புடிச்சு வச்சு விதைய எழுப்பி விட்டுட்டு. நான் சரியாப் பாக்கல. தப்பு எம்மேலதான்."

அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். செடியைத் தோண்டிப் பார்த்ததை, வெள்ளைத் தண்டின் நீளத்தை, மண்ணில் இருந்த சுண்ணாம்பை எல்லாம் சொன்னேன். பெண்கள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள். அண்ணாச்சி முகம் இளகியது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தியளா? கூடப்பொறந்தா இப்படில்லா பொறக்கணும். அண்ணன் தலை குனியக் கூடாதுன்னு, தான் படிச்ச படிப்பையே தப்புன்னு சொல்லுதா பாருங்க."

ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இல்லை, நிஜமாகவே என்னுடைய தப்பு என்றேன். சொல்லச் சொல்ல அவர்கள் பார்வையில் என் பாசம்தான் கூடிக்கொண்டு போனது. அண்ணனைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன் என்று பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெயிலா இருக்கு, பேசாம நில்லுட்டி" என்றான். மதினி என்னைப் பார்த்தபடியே நின்றாள். அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதை நம்பினவள் அவள் ஒருத்திதான்.

அண்ணாச்சி சொளகை என் முன்னால் நீட்டினார். "இந்த வருசம் நீ போடு தாயி மொதப் பிடிய. நல்ல மனசுள்ள கை."

மாட்டேன் என்று பின்னால் நகர்ந்தேன். வெட்கப்படுகிறது பிள்ளை என்று சிரித்தார்கள். யாரோ என் கையைப் பிடித்து விரித்து விதையை அள்ளி வைத்தார்கள். அண்ணன் தலையை அசைத்தான், போடு என்று.

நான் வெகுநேரம் மூடின கையோடு நின்றிருக்க வேண்டும். விரித்தபோது உளுந்து விழவில்லை. உள்ளங்கை வியர்த்து, விதையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உதறித்தான் போட வேண்டியிருந்தது.