அவள் குடிக்கவில்லை, ஊதினாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கெடாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் அப்போது நான் வேலை பார்த்தேன். களையைக் கொல்லும் விஷத்துக்கு எங்கள் வாயில் மருந்து என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ, நேரில் பார்த்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, மரங்களுக்கு நடுவே அடித்துக்கொண்டே போக வேண்டும். கையுறை, முகமூடி எதுவும் கிடையாது. பம்பின் முனை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கழற்றி, வாயில் வைத்து ஊதிவிட்டு மறுபடி மாட்டுவோம். நின்று குச்சியால் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தால், வேலை வாங்கும் மண்டோர் சத்தம் போடுவார். அதனால் எல்லாரும் ஊதத்தான் செய்தோம்.

என் பக்கத்து வரிசையில் அடித்த அக்கா, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் எனக்குப் பக்கத்து வீடு. வாய் ஓயாமல் பேசுவாள். அன்று அவள் ஊதியபோது உள்ளே தேங்கியிருந்த மருந்து வாய்க்குள் போய்விட்டது. துப்பினாள், கொப்பளித்தாள். "ச்சீ, என்னா நாத்தம்லா" என்று சிரித்துவிட்டு மறுபடி பம்பைத் தூக்கினாள்.

மறுநாள் வாயெல்லாம் புண். தோட்டத்து மருந்தகத்தில் தொண்டை வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும்தான் தோட்டத்து வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் புருஷனும் நானும் போனோம். கூடவே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் வந்தார். எங்களில் மலாய் நன்றாகப் பேசத் தெரிந்தவர் அவர்தான்.

என்ன நடந்தது என்று தாதி கேட்டாள். அக்கா புருஷன் அழுதுகொண்டே, "மருந்து வாய்க்குள்ள போயிருச்சுங்க" என்றார். கிராணி அதை மலாயில், "டியா மினும் ராச்சுன்" என்றார். அவள் விஷம் குடித்தாள் என்று அர்த்தம். மருந்து குடித்துவிட்டாள் என்றால் நாம் எதை நினைப்போம் என்று எல்லாருக்கும் தெரியும். கிராணி வேண்டுமென்றே சொன்னாரா, பேச்சு வழக்கில் வந்துவிட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. மினும் என்றால் குடிப்பது என்று டவுன் கடைகளில் கேட்டுப் பழகிய எனக்குப் பகீரென்றது. "இல்ல, இல்ல" என்று தமிழில் கத்தினேன். தாதி என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

பிறகு வார்டில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாகப் பார்த்தாயா என்கிற மாதிரி அவளைத் திட்டினார்கள். அக்காவால் பேச முடியவில்லை. நாக்கு வெந்துபோயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, புண்ணான உதட்டைக் குவித்து மெல்ல ஊதிக் காட்டினாள். மறுபடியும் ஊதினாள். "தெரியும்க்கா, எனக்குத் தெரியும்" என்றேன். அந்த வாரமே போய்விட்டாள்.

நிர்வாகத்துக்கு நல்ல வசதியாகப் போயிற்று. தானாகக் குடித்துச் செத்தால் நாங்கள் என்ன செய்வது என்று கைகழுவினார்கள். லயத்திலோ, புருஷன் அடித்திருப்பான் என்று பேச்சு. அந்த மனிதர் குழாயடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நாங்கள் அதே பம்புகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குத் தையல் சொல்லித்தர டவுனிலிருந்து ஒரு கிறிஸ்தவ டீச்சர் வருவார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம், ஆனால் எல்லாரும் வந்து சொல்ல வேண்டும் என்றார். விஷயம் காதுக்குப் போனதும் டீச்சரைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது என்று மானேஜர் உத்தரவு போட்டார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாய், கூடிப் பேசக் கடை மாடியைத் திறந்துவிட்டார். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற பயத்தில் முதலில் நானும் இன்னொருத்தியும்தான் போனோம். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். இலாகாவில் மனு கொடுத்தோம், விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

"மறுபடியும் கிராணியதான் கூட்டியாருவாங்க. நீங்களே மலாய்ல சொல்லிடுங்க" என்றார் டீச்சர். ஊதுவதற்கு மலாயில் என்ன சொல்வது என்று விழித்தோம். தேத்தண்ணி கொண்டுவந்த பாய், டீச்சர் வாயைத் திறக்குமுன் ஒரு கிளாசைத் தூக்கி ஊதிக் காட்டினார். "இதானே தங்கச்சி? தியூப். தியூப்னு சொல்லுங்க."

விசாரணை அன்று கிராணி பேச ஆரம்பித்ததும் நான் எழுந்துவிட்டேன். "புக்கான் மினும், என்சிக். தியூப்" என்றேன். குடிக்கவில்லை ஐயா, ஊதினாள். அதிகாரிக்கு விளங்கவில்லை. உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவளும் எழுந்து ஊதினாள். பிறகு வந்திருந்த அத்தனை பெண்களும் ஊதினார்கள். நாங்கள் எல்லாருமே தினமும் அப்படித்தான் ஊதுகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கிராணியை வெளியே இருக்கச் சொன்னார். அக்கா புருஷன் சுவரோரம் நின்று வாய்விட்டு அழுதார்.

பெரிதாக ஒன்றும் ஜெயித்துவிடவில்லை. கையுறை வந்தது, அடைப்பைக் குத்திவிடக் கம்பி வந்தது. ஆஸ்பத்திரியில் அவளைப் பற்றி எழுதியதை யாரும் மாற்றவில்லை. என்னைத் தோட்டத்தின் கோடியில் இருந்த ரப்பர் காட்டுக்கு மாற்றினார்கள். ஆனால் அவள் குடித்துச் செத்தவள் என்று அதன்பின் லயத்தில் யாரும் சொன்னதில்லை. காலையில் ஆள் கூடும் பெரட்டில் மண்டோர் வேலை பிரிக்கும்போது, "வெசம் அடிக்கப் போறோம்" என்றுதான் நாங்கள் சொன்னோம், அவர் முறைத்தாலும்.

இப்போதும் சூடான தேத்தண்ணியை ஊதும்போது அக்காவின் உதடுதான் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தி கத்தியது யார் காதிலும் விழவில்லை, எல்லாரும் சேர்ந்து வெறும் மூச்சை விட்டபோதுதான் விழுந்தது என்பதும் கூடவே வருகிறது.