பூங்கொடி ஏறிய திட்டு

எண்ணூர் ஆற்றுப் பக்கம் காட்டுப்பன்றிகள் பெருகியது எப்படி என்று கேட்டால், எங்கள் குப்பத்தில் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தவை என்பார் ஒருவர். ஆந்திராப் பக்கத்துக் காட்டிலிருந்து தண்டவாளத்தோரமாகவே நடந்து வந்துவிட்டன என்பார் இன்னொருவர். குப்பை கொட்டும் இடத்தில் ஊர்ப்பன்றியும் காட்டுப்பன்றியும் சம்பந்தம் செய்துகொண்டதாக என் டீக்கடையில் ஒரு கட்சி உண்டு. எல்லாமே உண்மையாக இருக்கலாம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் போகிற வழியில் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான் புதர் முழுக்க இன்று அவற்றின் ராஜ்யம்தான். நண்டு வளையைக்கூட விட்டுவைக்காமல் உழுது போடுகின்றன. ஆனால் ஆற்றுக்கு நடுவில் இருக்கும் மணல் திட்டுக்கு முதல் பன்றி எப்படிப் போனது என்று பேச்சு வந்தால் மட்டும் நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அந்தக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். அது போன படகில் நானும் இருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போனால் திரும்பப் பத்து நாளாகும். வீட்டில் நான், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா. துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்த்த மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் அவருடைய யோசனைகள்தான் என்பது அம்மாவின் கருத்து. எனக்கோ உலகத்திலேயே அவரைவிடப் புத்திசாலி யாரும் இல்லை.

பொங்கல் முடிந்த வாரம், வேலையிலிருந்து திரும்பிய மாமா தலையில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல், சாம்பார் வாங்கி வருகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அக்கா, கத்தாத. ஒண்ணு காட்றேன் பாரு."

"இன்னாடா அது, பூனையா?"

"பன்னிக் குட்டிக்கா. காட்டுப்பன்னி. ஆத்தாக்காரி லாரில அடிபட்டுப் பூட்டா. இது மட்டும் முள்ளுக்குள்ள கத்திகினு இருந்துச்சு."

எட்டிப் பார்த்தேன். முதுகில் அணிலுக்கு இருப்பதுபோல வெளிர் கோடுகள். ஹெல்மெட்டின் அடியில் சுருண்டு படுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. என் விரலை வாயில் வைத்துச் சப்பியது. அவ்வளவுதான், என் கதை முடிந்தது.

"மனுசனுக்கே எடம் இல்ல இங்க. காத்தால இது இருந்துச்சுன்னா நீ இருக்க மாட்ட, சொல்ட்டேன்" என்றாள் அம்மா. காலையில் இரண்டு பேருமே இருந்தார்கள். அம்மா பழைய சேலை ஒன்றைக் கிழித்து ஹெல்மெட்டுக்குள் போட்டிருந்தாள்.

அதற்குப் பூங்கொடி என்று பெயர் வைத்தேன். அடுத்த தெருவில் அதே பெயரில் இருந்த அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா பிடித்து வரும் இறாலை ஆய்ந்து மிஞ்சும் தலைகள் எல்லாம் பூங்கொடிக்குத்தான். அவற்றை, குடித்து மிஞ்சிய கஞ்சியின் மேல் கொட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவேன். கோடுகள் மறைந்தன. கழுத்தில் கறுப்பு மயிர் சிலிர்த்து நின்றது. வருடம் திரும்புவதற்குள் நான் ஏறி உட்காருகிற அளவுக்கு ஆகிவிட்டது. பகலெல்லாம் புதருக்குள் போய்த் திரியும். பொழுது சாயும்போது நான் தட்டைத் தட்டினால் ஓடி வரும்.

வம்பும் வளர்ந்தது. காயப்போட்டிருந்த கருவாட்டைப் பாயோடு இழுத்துக்கொண்டு போனது. கோயில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாழையைக்கூட நிற்க விடவில்லை. பெண்கள் வாசலில் வந்து நின்று அம்மாவிடம் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டார்கள். கடைசியில், தெருவில் திரியும் பன்றிகளைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை கார்ப்பரேஷன் வண்டி வருகிறது என்று சொன்னார்கள். பிடித்துக்கொண்டு போன பன்றியை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மாமாவுக்கு யோசனை வந்தது.

அந்த யோசனையைச் சொல்வதற்கு முன் திட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆற்றின் நடுவில் இருக்கும் அந்த மணல் மேட்டில் கொஞ்சம் கோரையும் நிறையக் கிளிஞ்சலும்தான் இருந்தன. நாய் கிடையாது, நரி கிடையாது. பங்குனி பிறந்ததும் ஆலாப் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும். ஆலா கூடு கட்டாது. மணலில் லேசாகக் குழி பறித்து அதில் முட்டை வைக்கும். புள்ளி புள்ளியாக, மணல் நிறத்திலேயே இருக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பங்குனியிலிருந்து ஆடி வரை யாரும் அந்தத் திட்டில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு. எழுதி வைத்தது இல்லை. ஆனால் மீறினவரையும் நான் பார்த்தது இல்லை.

இந்தக் கட்டுப்பாட்டை ஆண்களைவிடப் பெண்கள்தான் கறாராகக் காத்தார்கள். அம்மாவும் மற்றப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவித்தான் இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது. பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்று. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அவ்வளவு பெரிய ஆற்றில் எங்கே துழாவுவது? ஆலா எங்கே தலைகுப்புறப் பாய்கிறதோ அங்கே போவாள் அம்மா. "அது தன் புள்ளைக்கித் தேட்ற எடத்துலதான் என் புள்ளைக்கும் கெடைக்கும்" என்பாள்.

மாமாவின் யோசனை, பூங்கொடியைத் திட்டில் கொண்டுபோய் விடுவது. பிடிக்கிற வண்டிக்கு ஆற்றில் ஓடத் தெரியாது. பன்றிக்கு நீந்தத் தெரியாது. இரண்டாவது தப்பு என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஞாயிறு விடிகாலை, அம்மா இறால் கூடையோடு காத்திவாக்கம் மார்க்கெட்டுக்குப் போனதும், மாமா தன் தோஸ்தின் ஃபைபர் படகை இரவல் வாங்கி வந்தார். கரையிலிருந்து படகு வரை இறால் தலைகளைப் போட்டுக்கொண்டே போனேன். பூங்கொடி ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்து, தானே படகில் ஏறியது. என்னை நம்பித்தான் ஏறியது. திட்டை நெருங்கியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"மாமா, கால் வெக்கக் கூடாதே?"

"இது தை மாசம். முட்ட மாசத்துக்கு இன்னும் எவ்ளோ நாள் கீது. எதுக்கும் நாம எறங்க வாணாம், சேப்டி" என்று சொல்லிவிட்டு, ஒரு பலகையைப் படகிலிருந்து மணலுக்குச் சாய்த்தார். "மனுசன் காலு படக் கூடாதுன்னுதான் கட்டுப்பாடு. இதோட காலப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியே."

எனக்கு அது அசைக்க முடியாத நியாயமாகப் பட்டது. பலகையில் குலுங்கிக் குலுங்கி இறங்கிய பூங்கொடியின் வயிறு மணலைத் தொடாத குறையாகத் தொங்கியது. நான் ஊட்டி வளர்த்த வயிறு என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் திரும்பிய அம்மாவிடம் மாமாவே பெருமையாகச் சொன்னார். அம்மா கூடையை இறக்கவும் மறந்து நின்றாள்.

"பங்குனி பொறந்தா ஆலா வந்துடும்டா."

"அதுக்குள்ள கூட்டினு வந்துட்றேன்கா. சத்தியமா."

பங்குனி பிறப்பதற்குள் அதைக் கூட்டி வர மாமா மூன்று முறை போனார். மூன்றாவது முறை முழங்காலுக்குக் கீழே கிழிந்து, துண்டால் கட்டிக்கொண்டு வந்தார். சிப்பி குத்திவிட்டது என்றார். நான் மஞ்சள் அரைத்துப் போட்டேன். பூங்கொடி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். ஜம்மென்று இருக்கிறது என்றார்.

அன்று இரவு அம்மாவும் அவரும் வாசலில் பேசிக்கொண்டதை மாமா ரொம்ப வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். பூங்கொடி அவரையே அடையாளம் கண்டுகொள்ளாமல் பாய்ந்திருக்கிறது. தனியாகப் பிடிக்க முடியாது, குப்பத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றிருக்கிறார். போனால் அவர்கள் கையில் ஈட்டியும் தடியும் இருக்கும். உயிரோடு கொண்டு வரமாட்டார்கள். "இன்னாக்கா சொல்ற? கூப்டட்டா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாளாம். பூங்கொடி ஜம்மென்று இருக்கிற நிம்மதியில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். "வாணாம்டா, கொயந்த தாங்காது" என்றாளாம்.

பங்குனியில் ஆலாக்கள் வந்தன. சித்திரையில் எனக்குப் பள்ளி விடுமுறை. ஒரு நாள் காலை, அம்மா தண்ணீரில் துழாவிக்கொண்டிருக்க, நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று திட்டின் மேல் ஆலாக்கள் அத்தனையும் எழும்பிக் கத்தின. பருந்து வந்தால் அப்படிக் கத்தும். கொஞ்ச நேரத்தில் அடங்கி உட்கார்ந்துவிடும். அன்று உட்காரவில்லை. மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

அம்மா நிமிர்ந்தாள். பறிக் கயிறு பல்லில் இருந்தது. அப்படியே திட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, மணலில் ஏறிவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யம்மா! கால் வெக்கக் கூடாதும்மா!" என்று கரையிலிருந்து கத்தினேன். அவள் திரும்பவில்லை. குனிந்து குனிந்து அந்தக் கோடிவரை போனாள். கோரைக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு வலது கையை மூடியபடி மெதுவாகத் திரும்பி வந்தாள். பறியில் ஒன்றும் இல்லை.

"பூங்கொடியப் பாத்தியா? நல்லா கீதா?"

அம்மா பல்லிலிருந்து கயிற்றை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா கீது. குட்டி போட்டுகீது. ஏழு."

நான் குதித்த குதியில் கரை மணல் பறந்தது. வீட்டுக்கு ஓடி, டப்பாவிலிருந்த சர்க்கரையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஏழு பேரக்குட்டி பிறந்த சந்தோஷத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கை நீட்டினார்கள். பூங்கொடி அக்காகூட வாங்கிக்கொண்டாள். மாமா வாயில் ஒரு பிடி போட்டேன். அவர் கண் கலங்கியது. தாத்தா ஆகிவிட்ட ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை, வாயைத் திறந்தாள். ஊட்டிவிட்டேன். அவள் வலது கை அப்போதும் மூடியே இருந்தது. எனக்காக ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, விளையாட்டாக ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளே சின்னச் சின்ன முட்டை ஓடுகள். மணல் நிறத்தில் அழகழகான புள்ளிகள்.

"எனக்கா?"

"ஒனக்குத்தான், எடுத்துக்கோ" என்றாள் அம்மா.

அடுத்த வருடம் ஆலாக்கள் இறங்கவில்லை. ஒரு நாள் வட்டமிட்டுவிட்டுப் போய்விட்டன. அதற்குள் குட்டிகள் வளர்ந்து ஆற்றை நீந்திக் கடந்து போய் வரத் தொடங்கியிருந்தன. அம்மா எங்கே துழாவுவது என்று தெரியாமல் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை தண்ணீரில் கிடந்தாள். ஆலா எங்கே என்று நான் கேட்டால் "பழவேற்காட்டுக்குப் போய்கீது, வரும்" என்பாள். அதை நம்பி, பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கடைசிவரை என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. அதற்காக அவளை நான் எத்தனை நேசிக்கிறேன் என்று நானும் அவளிடம் சொன்னதில்லை.

ஆனால் அந்தச் சித்திரை நாளில் இதெல்லாம் எனக்கு ஏது? சாயங்காலம் டிராயிங் நோட்டை எடுத்து, பக்கம் முழுக்கப் பூங்கொடியையும் கோடு போட்ட ஏழு குட்டிகளையும் வரைந்தேன். பக்கத்தின் ஓரம் சுற்றிலும் அந்த முட்டை ஓடுகளைப் பசை தடவி வரிசையாக ஒட்டினேன். எனக்கே பிரமாதமாகத் தெரிந்தது. அடுப்படியில் இருந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். "நல்லா கீதுடி" என்று சொல்லி என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். ஒரு விரலை அந்தப் பக்கத்தின் ஓரமாகவே மெல்ல நகர்த்திக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். குட்டிகளைத்தான் எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.