எஞ்சின் நடுவில் வரும் வரை

அப்பா டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டினார். அதனால் எஞ்சின் என்பது காரின் முன்னால்தான் இருக்கும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அப்படி வளர்ந்த என் புத்தியைக் கெடுத்தது, ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். டிராயிங் செக்‌ஷனில் இருந்த ஒருவர், தேவராஜ மார்க்கெட் பக்கம் நடைபாதையில் விற்கும் பழைய வெளிநாட்டு கார் பத்திரிகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ஒரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் அடுத்த மாடலைப் பற்றி வதந்தி இல்லாத இதழே கிடையாது. எஞ்சின் இனி முன்னால் இருக்காது, சீட்டுக்குப் பின்னால், வண்டியின் நடுவே போய்விடும் என்று ஒரு இதழ் சொல்லும். அதெல்லாம் இல்லை என்று அடுத்த இதழ் சொல்லும். கம்பெனி பெயரையே எடுத்துவிட்டுக் காரின் பெயரைத் தனி பிராண்டாக்கப் போகிறார்கள் என்று இன்னொன்று. எங்களில் ஒருவரும் அந்தக் காரைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அதனால் என்ன? பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து தினமும் சண்டை போட்டது.

நான் முன் எஞ்சின் கட்சி. எங்கள் பஸ்ஸின் எஞ்சின், டிரைவர் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் உறுமிக்கொண்டிருக்கும். கூட்டமான நாளில் நான் உட்காருவது அதன் மேல்தான். புடவைக்குத் தனியாக இஸ்திரி போட வேண்டியதே இல்லை.

"இவ்வளவு சூட்டுல உக்காந்துகிட்டு எஞ்சின் முன்னாலதான் இருக்கணும்கறீங்களே, ஏன்ரீ?" என்பார் அந்தப் பத்திரிகைக்காரர், தன் கன்னட வாடைத் தமிழில்.

"பின்னால வெச்சா அது என்ன பண்ணுதுன்னு எப்படித் தெரியும்? கண்ணு முன்னால இருக்கணும்." இது அப்பாவின் வசனம்.

அவர் டிபன் கேரியரைக் கையில் எடுத்து விளக்குவார். எடை நடுவில் இருந்தால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்குமாம். அதைக் காட்டுவதற்காகக் கேரியரைச் சுழற்றியதில் ஒருநாள் பிஸிபேளேபாத் முழுவதும் முன் சீட்டுக்காரர் தோளில் இறங்கியது. அன்று எங்கள் கட்சிக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு நாள் காரின் மூக்கில் ஒட்டும் பெயர் பேட்ஜ் பற்றிப் பேச்சு வந்தது. "கம்பெனி பேரை விட்டுட்டு, கார் தன் பேர்லயே நிக்கறது சரியா?" என்று கேட்டார்.

"சரிதான். ஏன் இன்னொருத்தர் பேரை ஒட்டிக்கணும்? நானும் கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்த மாட்டேன்," என்றேன்.

"நான் மாத்தச் சொல்லலையே," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஹெப்பாள் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஆனால் வீட்டில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தசரா முடிந்ததும் ஹனூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். மறுநாளே அவரிடம் விஷயத்தை உடைத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அப்பாவை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். அன்று ரயில்வே ஸ்டேஷன் முன்னால், குறுக்கே வந்த ஆட்டோக்காரரை அப்பா தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் சொன்னார்: "அந்தக் கார்ல எஞ்சின் நடுவுல வரட்டும்ரீ. அன்னைக்கே உங்கப்பாகிட்ட வந்து கேக்கறேன். சத்தியமா."

பயந்தாங்கொள்ளி என்று கோபம் வந்தது. ஆனால் எனக்கு வேறு வழி? அன்று மாலையே கட்சி மாறினேன். நடு எஞ்சினுக்காக நான் வாதாடிய வாதாட்டத்தில் எங்கள் பழைய கட்சிக்காரர்கள் எனக்குத் துரோகி என்று பட்டம் கொடுத்தார்கள். சாமுண்டி மலை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொள்ளவும் செய்தேன். அமெரிக்காக்காரன் எஞ்சினை எங்கே வைக்க வேண்டும் என்று சாமுண்டியிடம் முறையிட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவராத்திரி வாரத்தில் புது மாடல் படம் போட்ட இதழ் கிடைத்தது. எஞ்சின் முன்னால்தான் இருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் விசிலடித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. பத்திரிகையைப் பிடுங்கிப் படத்தை உற்றுப் பார்த்தேன். டாக்ஸிக்காரர் மகள் வீணாகப் போகவில்லை.

"இங்க பாருங்க. கியர்பாக்ஸ் பின்னால போயிடுச்சு. எஞ்சினோட ஒட்டியிருக்க வேண்டியது, பின் சக்கரத்துக்கிட்ட இருக்கு. பாதி வந்தாச்சு," என்றேன்.

"அதனால?"

"அதனால நீங்களும் பாதி வாங்க. ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுக்கு. கேக்க வேண்டாம். சும்மா வந்து நில்லுங்க."

ஃபேக்டரி பூஜை முடிந்த கையோடு பொரிப் பொட்டலத்துடன் வந்து நின்றார். டாக்ஸி குளித்து முடித்து வாழைக்கன்றும் செவ்வந்தி மாலையுமாக இருந்தது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம். அப்பா பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு வழக்கம்போல, வந்தவரும் காட்டட்டும் என்று தட்டை அவரிடம் நீட்டினார்.

அவர் தட்டை வாங்கினார். மனசுக்குள் என்ன ஓடியதோ, திறந்திருந்த பானெட்டைக் கடந்து, விறுவிறுவென்று வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், டிக்கிக்குப் பயபக்தியோடு கற்பூரம் காட்ட ஆரம்பித்தார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"தம்பி, அங்க ஸ்டெப்னிதானுங்க இருக்குது," என்றார் அப்பா.

"தெரியும் மாமா," என்றார் அவர்.

வந்ததிலிருந்து அதுவரை அப்பாவை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டே இருந்தது. அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாழைக்கன்றைப் பார்த்தேன். அப்பா மெதுவாக நடந்து பின்னால் போனார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்பா டிக்கியைத் திறந்தார்.

"காட்டறது காட்டறீங்க, தொறந்து வெச்சே காட்டுங்க," என்றார். அம்மா பக்கம் திரும்பி, "ஹனூர்க்காரங்களுக்கு வர வேண்டாம்னு சொல்லியுடோணும்," என்றார்.

அடுத்த தையில் கல்யாணம். பேச வேண்டியதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களே பேசிவிட்டார்கள். அவர் வாய் திறந்து அப்பாவிடம் கேட்கவே இல்லை. என் இனிஷியல் இன்றுவரை அப்பாவுடையதுதான்.

இருபது வருஷங்களுக்கு மேல் போன பிறகு, ஒருநாள் காலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். அந்தக் காரில் எஞ்சின் நடுவே வந்துவிட்டது. பேட்ஜில் மட்டும் பழைய கம்பெனி பெயரே. லுங்கியை மாற்றி, பேன்ட் போட்டு, இருக்கிற நாலு முடியையும் படிய வாரிக்கொண்டு, எங்கள் வீட்டு முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா முன்னால் போய்க் கைகட்டி நின்றார். அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

"மாமா, உங்க பொண்ண எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

"பாத்துச் சொல்றனுங்க தம்பி," என்றார்.

இன்னும் சொல்லவில்லை.