ஷமா வீட்டுத் தூக்கு

எங்க தெரு ஷமாவுக்கு நிதானமா நடக்கத் தெரியாது. எங்க போனாலும் ஓட்டம்தான். வலங்கைமான் கடைத்தெருவுல அவ அண்ணன் ஜெகபர் அலி காய்கறிக் கடை வச்சிருக்காரு. சாயங்காலம் கடை சாத்துற நேரத்துக்கு ஸ்கூட்டியில போய் நிப்பா. வித்தது போக மிஞ்சின கத்திரிக்காய், லேசா நசுங்கின தக்காளி, மறுநாள் எவனும் சீந்தாத கீரைக்கட்டு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வருவா. முன்னாடியெல்லாம் அது வாய்க்கால் கரையில மேயுற மாட்டுக்குத்தான் போகும். "மாட்டுக்குப் போடுறதுக்கு முன்னாடி மனுசனைக் கேட்டியா?"ன்னு ஒருநாள் அண்ணன்கூட மல்லுக்கு நின்னா. அதுலேர்ந்து ஆரம்பிச்சது. அப்புறம் பக்கத்து மளிகைக் கடைக்காரரும் தேதி முடியப்போற சேமியா, ரவை பாக்கெட்டெல்லாம் இவளுக்குன்னு எடுத்து வைக்க ஆரம்பிச்சாரு.

அவ வாசல்ல கொண்டாந்து கொட்டினா, தெருவே கூடிப் பிரிக்கும். டெய்லர் முருகையன் அழுகினதைக் கழிச்சுப் போடுவாரு. எழில்மொழி டீச்சர் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டு விடும். உனக்கு வேணுமா, வேணாமான்னு ஷமா யாரையும் கேக்க மாட்டா. மாடி வீடோ கூரை வீடோ, எல்லாருக்கும் ஒரு பங்கு. கேட்டா எவ வாயைத் திறந்து வேணும்பா? அது அவளுக்கு நல்லாத் தெரியும்.

ஆனா பிளாஸ்டிக் கவர்ல கொடுக்க மாட்டா. சாக்கடை அடைச்சுக்குதாம். தன் கல்யாணத்துக்குச் சீரா வந்த எவர்சில்வர் தூக்கையெல்லாம் பரண்லேர்ந்து இறக்கிட்டா. அதுலதான் போட்டுக் கொடுப்பா. மறுநாள் தூக்கு அவ வீட்டுக்குத் திரும்பிடணும். எனக்கு வம்பு வந்ததே அதுலதான்.

எங்க பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையா திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது. நானும் ஒருநாளும் கொடுத்தவ இல்ல. ஒரு பிடி முருங்கைக்கீரை, கொல்லையில காய்ச்ச நாலு அவரைக்காய், அறுவடை சமயம்னா ஒரு படி புது அரிசி, ஏதாவது போட்டுத்தான் தருவேன். ஞானாம்பாள் வீட்டுலேர்ந்து பாத்திரம் கனமாத்தான் வரும்னு தெருவுல பேரு.

போன தையில வந்துச்சு பாருங்க மழை. நாங்க குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவங்க. நாளைக்கு அறுப்புன்னு இருந்த சம்பா மொத்தமும் சாஞ்சு, கதிர்லேயே முளைச்சுப் போச்சு. என் வீட்டுக்காரர் பஞ்சநதம் வரப்புல உட்கார்ந்தவர் எந்திரிக்கவே இல்ல. கொல்லையில முருங்கை முறிஞ்சு விழுந்துச்சு. அவரைப் பந்தல் தண்ணியில அழுகிச்சு. ரேஷன் அரிசி இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அதுல ஊத்திக்கத்தான் ஒண்ணும் இல்ல. உப்பையும் மொளகாயையும் கடிச்சுக்கிட்டு கஞ்சி குடிச்சோம். வெளியில மூச்சு விடல.

அப்பவும் ஷமாவோட தூக்கு வந்துச்சு. உள்ள வெண்டைக்காயும் கால் கிலோ துவரம்பருப்பும். அன்னிக்குக் குழம்பு வச்சு, அவரு ரெண்டாம் தரம் சோறு கேட்டாரு. தூக்கைக் கழுவிக் கவுத்தேன். அதுல போட வீட்ல ஒண்ணும் இல்ல. ஒரு கொத்து கருவேப்பிலையாவது போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. போட்டிருக்கலாம். எனக்குத்தான் ரோஷம் மூக்குக்கு மேல. மறுநாள் ஷமா வந்தப்போ கதவைச் சாத்திக்கிட்டு, தூங்குற மாதிரி படுத்துட்டேன். அதுக்கப்புறம் அவ வந்தப்பெல்லாம் அதே கதைதான். நல்ல குழம்பு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு. பக்கத்துல படுத்திருந்த மனுசன் எல்லாம் தெரிஞ்சும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

ஒருநாள் முருகையன் அண்ணன் ஒரு சம்படத்துல பூசணிக்காயும் தக்காளியுமா கொண்டாந்து நீட்டினாரு.

"என்னண்ணே, நீங்க கொண்டாரீங்க?"

"ஷமாதான் கொடுத்து விட்டுச்சு தங்கச்சி. உன் பங்கை இனிமே என் வீட்டுப் பாத்திரத்துல போட்டுத் தரணுமாம்."

"ஏன், அவ பாத்திரத்துக்கு என்ன?"

அவரு தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "அது வீட்டுப் பாத்திரத்துல வாங்க உனக்குச் சங்கடமா இருக்குன்னு நினைக்குது. முஸ்லிம் வீடு பாரு. 'அக்கா மனசு எப்படியோ இருக்கட்டும், சாப்பாடு நின்னுடக்கூடாது'ன்னு சொல்லுச்சு. சொல்லும்போதே கண்ணு கலங்கிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவ பெத்த பிள்ளைக்குத் தலைக்கு ஊத்திவிட்டவ நான். என்னைப் போய் அப்படி நினைச்சிட்டாளே, நினைக்கிற மாதிரி நடந்துக்கிட்டேனே! கவுத்து வச்ச தூக்கை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு நடந்தேன்.

அது நோன்பு மாசம். பொழுது சாயுற நேரம். ஷமா வீட்டுக் கூடத்துல பாய் விரிச்சு, பள்ளிவாசல்லேர்ந்து வந்த கஞ்சியை நடுவுல வச்சுக்கிட்டு, நோன்பு திறக்கப் பாங்குச் சத்தத்துக்காகக் காத்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் அவ எந்திரிச்சா. "வாங்கக்கா"ன்னா. குரல்ல பழைய துடுக்கு இல்ல.

"இதைத் திறந்து பாரு."

திறந்தா. உள்ள ஒண்ணும் இல்ல.

"இதுல போட என் வீட்ல ஒண்ணுமே இல்லடி. அதான் கதவைச் சாத்தினேன். வேற ஒரு மண்ணும் இல்ல."

அவ தூக்கையே பார்த்துக்கிட்டு நின்னா. இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லாததை அப்பத்தான் சொன்னேன்.

"பசிக்குது ஷமா. கஞ்சி ஊத்து."

பாங்கு சொன்னாங்க. விடிஞ்சதுலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாதவ, தன் வாயில ஒரு பேரீச்சம்பழம்கூட வைக்கல. முதல் கரண்டியை என் தூக்குல ஊத்தினா. நான் அங்கேயே அவ பாயில உட்கார்ந்து, தூக்கையே வாயில வச்சுக் குடிச்சேன். சூடு நாக்கைச் சுட்டுச்சு. நான் அழுதது சூட்டுக்குன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க, ஷமாவைத் தவிர. கிளம்புறப்போ, "வீட்ல இருக்கிற அண்ணனுக்கு"ன்னு சொல்லி மறுபடியும் விளிம்பு வரைக்கும் ஊத்திக் கொடுத்தா.

"அக்கா, தூக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். முடியறப்ப ஏதாவது போட்டுக் கொண்டாங்க. இப்ப நாளைக்குக் காய் பிரிக்க வந்துடுங்க, ஆள் பத்தல."

மறுநாள்லேர்ந்து போறேன். இப்ப அழுகல் கழிக்கிறதுல முருகையன் அண்ணனுக்கே நான்தான் அதிகாரம் பண்றேன்.

குறுவை இந்தத் தடவை கைவிடல. முதல் மூட்டையை அரைச்சதும், அந்தத் தூக்கு நிறைய புது அரிசியை அழுத்தி அழுத்திப் போட்டு எடுத்துட்டுப் போனேன். ஷமா ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துட்டு, "இதைப் பங்கு வச்சிரவாக்கா?"ன்னா.

"வச்சுப் பாரு, கையை ஒடிச்சிருவேன். ஊருக்கெல்லாம் போட்டது போதும். இது நீ உங்க வீட்ல பொங்கித் திங்கிறதுக்கு."

சிரிச்சா. அந்தப் புள்ள நல்லா இருக்கணும். அன்னிக்கு மத்தியானம் அவ வீட்ல எங்க வயல் சோறு.