கட்டைப் பிரித்தவர்

தெருவில் அவர் பெயர் களிம்பு. நேரில் பார்த்தால் 'சார்', முதுகுக்குப் பின்னால் களிம்பு. வேலையில் இருந்தவரை, பிறர் கடிதங்களைப் பிரிக்காமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரர். ஓய்வு பெற்றதும் அந்தக் கட்டுப்பாடு காற்றில் பறந்தது. மெழுகும் கற்பூரமும் காய்ச்சி ஒரு களிம்பு செய்தார். தலைவலிக்கும் அதுதான், கதவு கிறீச்சிட்டாலும் அதுதான். குணமானது கதவு மட்டும்.

அவர் மனைவி பிள்ளைபோல் வளர்த்த நாயின் பின்னங்காலை ஒரு வேன் உரசித் தோலை உரித்துவிட்டது. கால்நடை மருத்துவர் புண்ணைக் கழுவி, தேன் தடவிக் கட்டி, சிவந்த சதை வளரும்வரை பொறுத்திருந்தார். பிறகு விலாவிலிருந்து தோலெடுத்துக் காலில் வைத்துத் தைத்தார்.

"இனிமே தேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தோல் அசையாம இருந்தாதான் சதையோட ஒட்டும். கட்டை நான்தான் பிரிப்பேன். ஒட்டலைன்னா காலையே எடுக்க வேண்டியதாயிடும்மா."

களிம்பின் காதில் விழுந்தது தேன் மட்டுமே.

"டாக்டரம்மா தடவினா வைத்தியம், நான் தடவினா பைத்தியமா?" என்றார் வீட்டுக்கு வந்து.

நக்காமலிருக்க நாயின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருந்தது. மனைவி அதைக் காட்டினாள். "இதை உங்க கையில மாட்டியிருக்கணும். கிட்டவே போகாதீங்க."

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, கட்டின் ஓரத்தைக் கிளப்பி, களிம்பு தொட்ட விரலை விட்டார். மறுநாளும் விட்டார்.

மருத்துவர் கட்டைப் பிரித்தபோது ஓரத்துத் தோல் கறுத்து, பிசுக்கோடு தூக்கிக்கொண்டு நின்றது.

"யார் கை வெச்சது?"

"நாய் நக்கியிருக்கும்," என்றார் களிம்பு, கூசாமல்.

மருத்துவர் கூம்பை விரலால் தட்டிப் பார்த்தார். மனைவி குனிந்து மோந்தாள்.

"ஏங்க, நாய் நாக்குல கற்பூரமா வெச்சிருக்கு?"

செத்த ஓரத்தை வெட்டியெடுத்தார்கள். நடுத்தோல் பிடித்துக்கொண்டதால் கால் தப்பியது. புண் ஆறும்வரை நாய் மருத்துவமனையிலேயே இருந்தது. மனைவி தினமும் போய்ப் பார்த்தாள். களிம்புக்கு அனுமதி வாசல்வரைதான்.

நாய் வீடு திரும்பியது. காலை ஊன்ற இன்னும் பயந்து நொண்டியது. அதற்குள் களிம்பு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "டாக்டரம்மா சும்மா தைச்சாங்க. ஆத்தினது நம்ம சரக்கு," என்று டப்பாவின் மூடியைத் திருகினார்.

வாசனை பட்டதுதான் தாமதம், நாய் நாலு காலையும் ஊன்றி வீட்டுக்குள் பாய்ந்தது.

களிம்பு சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நாயை ஓட வைத்தது அவருடைய சரக்குதான்.